பைஜி டால்பினை மரபணு வழியாகத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

கயல்:

சீனாவின் யாங்சி ஆற்றில் மட்டுமே வாழ்ந்த பைஜி டால்பினைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க மனசு ஆறவில்லை. 2006 நவம்பர், டிசம்பரில் இரண்டு கப்பல்களில் ஆட்கள் யிச்சாங்கிலிருந்து ஷாங்காய் வரை போய், அதே வழியில் திரும்பியும் வந்து தேடியிருக்கிறார்கள். ஒரு வழிக்கு கிட்டத்தட்ட 1,700 கிலோமீட்டர். தொலைநோக்கியோடு மேல்தளத்தில் ஆட்கள், தண்ணீருக்குள் ஒலிவாங்கி, எல்லாம் இருந்தும் ஒரு பைஜிகூடக் கண்ணிலும் படவில்லை, காதிலும் விழவில்லை. மனிதர்களின் கையால் முற்றாகப் போன முதல் திமிங்கிலக் குடும்ப விலங்கு இதுதான் என்கிறார்கள்.

என் கேள்வி இதுதான். பைஜியின் மரபணுத் தொகுதியை 2013லேயே படித்து வெளியிட்டாகிவிட்டது. 2025 ஏப்ரலில் கொலோசல் என்ற அமெரிக்க நிறுவனம், பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு அழிந்த டயர் ஓநாயைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டதாக அறிவித்தது. பைஜி போய் இருபது இருபத்தைந்து வருஷம்தான் ஆகிறது. அவ்வளவு பழைய ஓநாயே வரும் என்றால் நேற்று போன டால்பின் ஏன் வரக்கூடாது? எங்கே இடிக்கிறது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் பைஜி இன்னும் "மிக அருகிய நிலை, அழிந்திருக்கலாம்" என்றுதான் இருக்கிறது, "அழிந்தது" என்று போடவில்லை. அப்படியானால் எங்கேயாவது ஒன்றிரண்டு மிச்சம் இருக்க வாய்ப்பு உண்டா?

நெய்தல்:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், அது என் துறைக்குப் பக்கம். இன்றைய நிலையில் முடியாது. பணம் போதாததால் முடியாது என்று சொல்லவில்லை, வழியே இன்னும் கிடையாது.

மரபணு வரிசை கணினியில் இருப்பது வேறு, உயிரோடு உறையவைத்த செல் கையில் இருப்பது வேறு. குளோனிங் செய்ய இரண்டாவது வேண்டும். ஸ்பெயினில் பிரனீஸ் மலை ஆடு அழிவதற்கு முன்பு கடைசிப் பெண் ஆட்டின் தோல் செல்களை எடுத்து உறையவைத்திருந்தார்கள். அந்த ஆடு 2000 ஜனவரியில் செத்தது. 2003ல் அந்தச் செல்லிலிருந்து ஒரு குட்டி பிறந்து, நுரையீரல் கோளாறால் சில நிமிடங்களில் இறந்துபோனது. இத்தனைக்கும் அங்கே நல்ல செல் இருந்தது, வயிற்றில் சுமக்க ஆட்டினம் இருந்தது, ஆடுகளின் கருவாக்கம் பற்றிப் பல பத்தாண்டு அனுபவமும் இருந்தது.

இனி நீங்கள் சொன்ன ஓநாய்க்கு வருவோம். அதில் நடந்தது குளோனிங் மட்டும் இல்லை, திருத்தம். சாதாரணச் சாம்பல் ஓநாயின் செல்லை எடுத்து, 14 மரபணுக்களில் 20 இடங்களை மாற்றி, நாயின் கருப்பையில் வைத்துப் பிறக்கவைத்தார்கள். உடம்பு பெரிது, ரோமம் வெள்ளை. ஆனால் அது மாற்றப்பட்ட சாம்பல் ஓநாய்தான், டயர் ஓநாய் இல்லை என்று அதே ஒன்றியத்தின் நாய்க்குடும்ப வல்லுநர் குழுவே சொல்லிவிட்டது. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. செய்தித் தலைப்பை வைத்து பைஜிக்குக் கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

பைஜிக்கு இதே வழியில் போக வேண்டுமானால் அடிப்படையாக எந்த விலங்கின் செல்லை எடுப்பீர்கள்? உயிரோடிருக்கும் மிக நெருங்கிய உறவு தென் அமெரிக்காவில் இருக்கிறது, அமேசான் இளஞ்சிவப்பு டால்பினும் அதற்குப் பங்காளியான பிரான்சிஸ்கானாவும். இவற்றின் கிளையும் பைஜியின் கிளையும் பிரிந்து ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கம்பளி யானையும் ஆசிய யானையும் பிரிந்தது சுமார் 60 லட்சம் ஆண்டுக்கு முன்புதான், கம்பளி யானையைத் திரும்பக் கொண்டுவர முயல்பவர்கள் அந்த வித்தியாசத்தைத் தாண்டவே இன்னும் திணறுகிறார்கள். கங்கை டால்பின் பார்க்க பைஜி மாதிரியே நீள மூக்கோடு இருக்கும், ஆனால் உறவில் அது இன்னும் தூரம். கலங்கின ஆற்றில் வாழ்ந்து வாழ்ந்து தனித்தனியாக ஒரே உருவத்துக்கு வந்தவை.

சரி, எப்படியோ செல் தயார் என்று வையுங்கள். கருமுட்டை எங்கிருந்து வரும்? யார் சுமப்பது? டால்பின் ஒரு தடவைக்கு ஒரு குட்டிதான் போடும், வயிற்றில் கிட்டத்தட்ட ஒரு வருஷம் இருக்கும். காட்சியகங்களில் வளரும் குப்பிமூக்கு டால்பின்களுக்குச் செயற்கைக் கருவூட்டல் செய்து குட்டி பிறந்திருக்கிறது, அதோடு சரி. திமிங்கிலம், டால்பின் எதிலும் குளோனிங் ஒரு தடவைகூட வெற்றிபெற்றதில்லை. அமேசான் டால்பினைப் பிடித்து இதில் பழகலாம் என்றால் அதுவே 2018லிருந்து அருகிவரும் இனம். ஒன்றைத் திரும்பக் கொண்டுவர இன்னொன்றைப் பலியாக்குவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

இன்னொரு சிக்கலைப் பலர் பேசுவதில்லை. 2013 ஆய்வில் ஒரு பைஜியின் மரபணுத் தொகுதியை நுணுக்கமாகவும் இன்னும் மூன்றை ஓரளவுக்கும் படித்தார்கள். அதுவரை படித்திருந்த எந்தப் பாலூட்டியை விடவும் பைஜியில் மரபணு வேறுபாடு குறைவு என்று தெரிந்தது. கடைசிப் பனியுகம் முடியும் சமயத்திலேயே அதன் எண்ணிக்கை ஒருமுறை பலமாகச் சுருங்கியிருக்கிறது. அதிலிருந்து பிழைத்து வந்த இனம் இது. நான்கு விலங்கின் வரிசையை வைத்துக்கொண்டு ஒரு பைஜியை உருவாக்கினாலும், ஒரு கூட்டத்தை உருவாக்க அது போதாது. அந்த முதல் குட்டிக்கு எதிரொலியை வைத்து மீன் தேடச் சொல்லித்தரவும் ஒரு பெரிய பைஜி இருக்காது.

ஆற்றுமேடு:

நெய்தல் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கயல், நீங்கள் அது எப்படிப் போனது என்பதை ஒரு தடவை ஆண்டு வரிசையில் பாருங்கள். ஆய்வகம் வரைக்கும் போக வேண்டிய தேவையே வந்திருக்கக் கூடாது.

பைஜியை யாரும் ஒழிக்க நினைக்கவில்லை. மீனவர்கள் ஆற்றடியில் நீளமான கயிறு போட்டு அதில் வரிசையாகக் கூரான கொக்கிகளைத் தொங்கவிடுவார்கள். இரை எதுவும் மாட்டுவதில்லை. அடியில் போகும் மீன் உரசினாலே உடம்பில் குத்திக்கொள்ளும். பைஜிக்குக் கண் மிகச் சின்னது, பார்வையும் சொற்பம், அந்தக் கலங்கல் தண்ணீரில் பார்வை இருந்தும் பிரயோசனமில்லை. எழுப்பிய சத்தத்தின் எதிரொலியை வைத்துத்தான் இரை தேடும். மீனைத் துரத்தி அடியாழத்துக்குப் போய்க் கொக்கியில் மாட்டும். துடிக்கத் துடிக்க அடுத்தடுத்த கொக்கிகளும் ஏறும். மேலே வந்து மூச்சு விட முடியாமல் செத்துப்போகும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கிடைத்த உடல்களில் நிறைய இப்படிப் போனவை. அப்புறம் தொண்ணூறுகளில் மின்சாரம் பாய்ச்சி மீன் பிடிக்கும் வழக்கம் பரவியது. கப்பலின் விசிறியில் அடிபட்டவை வேறு, கட்டுமானத்துக்காக ஆற்றில் வெடி வைத்ததில் போனவை வேறு.

1980 ஜனவரியில் தோங்திங் ஏரி ஆற்றோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் மீனவர்களிடம் உயிரோடு ஒரு ஆண் குட்டி கிடைத்தது. கழுத்துக்குப் பின்புறம் கொக்கி இறங்கி ஆழமான புண். வூஹானில் உள்ள நீர் உயிரியல் நிறுவனத்துக்குக் கொண்டுபோய் மாதக்கணக்கில் மருந்து போட்டுக் காப்பாற்றினார்கள். சிசி என்று பெயர் வைத்தார்கள். 2002 ஜூலை 14 வரை, இருபத்திரண்டு வருஷத்துக்கும் மேலாக அந்தத் தொட்டியில் வாழ்ந்தது. பைஜி பற்றி உலகத்துக்குத் தெரிந்ததில் பெரும் பகுதி இந்த ஒரே விலங்கைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். 1986ல் அதற்குத் துணையாக ஜென்ஜென் என்ற சின்னப் பெண் பைஜியைக் கொண்டுவந்தார்கள். அது பருவத்துக்கு வருவதற்கு முன்பே 1988ல் நிமோனியாவில் இறந்துவிட்டது. அதற்கப்புறம் சிசிக்கு ஜோடியே அமையவில்லை.

எனக்கு ஆத்திரம் வரும் இடத்துக்கு இப்போது வருகிறேன். 1986லேயே வூஹானில் பல நாட்டு வல்லுநர்கள் கூடிப் பேசினார்கள். ஆற்றை உடனே சரிசெய்ய முடியாது, அதனால் ஆற்றை ஒட்டிய பழைய வளைவு ஒன்றை, அதாவது ஆறு திசைமாறியபோது தனியாக நின்றுபோன குதிரைக் குளம்பு ஏரியை, காப்பிடமாக ஆக்கி அங்கே பைஜிகளைப் பிடித்துவந்து பெருகவிடலாம் என்ற யோசனை அப்போதே இருந்தது. அந்தச் சமயத்தில் ஆற்றில் சுமார் முந்நூறு பைஜி இருந்ததாக மதிப்பிட்டார்கள். தியானேசோ என்ற, 21 கிலோமீட்டர் நீள ஏரி 1992ல் தேசியக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் முதல் பைஜி வந்து சேர்ந்தது 1995 டிசம்பரில். ஒரே ஒரு பெண். அடுத்த ஆண்டு வெள்ளக் காலத்தில், ஏரியிலிருந்து எதுவும் வெளியேறாமல் இருக்கக் கட்டிய தடுப்பு வலையிலேயே சிக்கி இறந்துபோனது. 1997ல் ஆறு முழுக்கத் தேடியபோது கண்ணில் பட்டவை 13.

ஒன்பது வருஷம். யோசனைக்கும் முதல் விலங்குக்கும் நடுவில் அவ்வளவு காலம் போயிருக்கிறது, அதுவும் இருந்தவை வேகமாகக் குறைந்துகொண்டிருந்த நேரத்தில். கூட்டம் போட்டார்கள், அறிக்கை எழுதினார்கள், காப்பிடத்தில் வைத்து வளர்ப்பதா இல்லை ஆற்றிலேயே காப்பாற்றுவதா என்று விவாதித்தார்கள். ஆற்றிலேயே காப்பாற்ற வேண்டும் என்று சொன்னவர்கள் தப்பாகச் சொல்லவில்லைதான், ஆனால் ஆறு அதற்குள் சரியாகப் போவதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்த யோசனை சரியானது என்பதற்கு ஆதாரமும் அதே ஏரியில் இருக்கிறது. பைஜி வாழ்ந்த யாங்சியில் இன்னொரு விலங்கும் வாழ்கிறது, டால்பினுக்கு உறவான, முதுகுத் துடுப்பில்லாத பார்பாய்ஸ். உருண்டை முகம், சின்ன உடம்பு. 1990லிருந்து ஒன்றிரண்டாக அவற்றை அந்த ஏரியில் கொண்டுவந்து விட்டார்கள். இன்று அங்கே அவை நூறு அளவில் பெருகியிருக்கின்றன. பைஜிக்காகத் தேடிப் பிடித்த இடம் பைஜிக்கு உதவவில்லை, அதன் அண்டை வீட்டுக்காரனைக் காப்பாற்றிவிட்டது.

தும்பி:

இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே, நான் முயற்சி செய்கிறேன்.

சந்தேகத்துக்கு இடமில்லாமல் உறுதியான கடைசிப் பதிவு 2002. 2007 ஆகஸ்டில் அன்ஹுய் மாகாணத்தில் ஒருவர் ஆற்றில் ஒரு வெள்ளை உருவம் மேலே வந்து போவதைப் படம் பிடித்தார். பார்த்த வல்லுநர்கள் பைஜியாக இருக்கலாம் என்றார்கள். அதற்குப் பிறகும் பார்த்தோம் என்று அவ்வப்போது ஆட்கள் சொல்வதுண்டு, ஆனால் எதுவும் நிரூபணம் ஆகவில்லை. யாங்சியின் கரையில் நின்று தூரத்தில் ஒரு முதுகைப் பார்த்தால் பார்பாய்ஸா பைஜியா என்று சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை. பட்டியலில் "இருக்கலாம்" என்று விட்டுவைத்திருப்பதற்குக் காரணம், பெரிய ஆறு, முழுமையாகத் தேடி முடித்தோம் என்று சொல்ல ஆதாரம் நிறைய வேண்டும். சீக்கிரமே "அழிந்தது" என்று எழுதிவிட்டால் மிச்சமிருக்கும் ஒன்றிரண்டுக்கும் பாதுகாப்பு போய்விடும் என்ற எச்சரிக்கையும் உண்டு.

ஆனால் வயதுக் கணக்கைப் பாருங்கள். வேளாவேளைக்குச் சாப்பாடும் மருத்துவமும் கிடைத்த சிசியே இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதைத்தான் தொட்டது. 2002ல் பிறந்த ஒரு குட்டி இன்று உயிரோடிருந்தால் அது கிழப் பருவம். ஒன்றிரண்டு தனித்தனியாக இருந்தாலும், அந்த நீளமான ஆற்றில், அந்தக் கப்பல் இரைச்சலில் ஒன்றையொன்று கண்டுபிடித்துக் குட்டி போட்டிருக்க வேண்டும். 2006 தேடலில் அவர்கள் எண்ணிய பெரிய கப்பல்களே இருபதாயிரத்துக்குப் பக்கம், நூறு மீட்டருக்கு ஒன்றுக்கு மேல். காதையே நம்பி வாழும் விலங்குக்கு இது என்ன மாதிரி இடம் என்று யோசியுங்கள். நான் நம்பிக்கை வைக்கவில்லை.

அந்தத் தேடலில் இருந்த சாமுவேல் டர்வி என்ற ஆய்வாளர் அதற்கப்புறம் யாங்சிக் கரை ஊர்களில் மீனவர்களிடம் பேட்டி எடுத்தார். வயதானவர்களுக்கு பைஜியையும், அதே ஆற்றில் அழிந்துபோன சீனத் துடுப்புமீனையும் நன்றாக ஞாபகம் இருந்தது. இளையவர்களில் பலர் பெயரையே கேள்விப்பட்டதில்லை என்றார்கள். சில வருஷங்களுக்கு முன்புவரை அவர்கள் வீட்டு வாசலில் நீந்திய விலங்கு அது. என்னை அதிகம் பாதித்தது இதுதான், ஆற்றில் இல்லை என்றான கொஞ்ச காலத்திலேயே ஆட்களின் ஞாபகத்திலும் இல்லாமல் போய்விட்டது.

கயல்:

மூன்று பேருக்கும் நன்றி. ஆற்றுமேடு எழுதியதைப் படித்ததும் இன்னொன்று கேட்கத் தோன்றுகிறது. என்றைக்கோ ஒரு நாள், ஐம்பது வருஷம் கழித்து என்றே வைத்துக்கொள்வோம், நெய்தல் சொன்ன தடைகள் எல்லாம் நீங்கிவிட்டால் திரும்ப வரும் பைஜிக்கு யாங்சி தயாராக இருக்குமா? இப்போது அங்கே மீன்பிடித் தடை இருக்கிறதாமே?

ஆற்றுமேடு:

ஆமாம், 2021 ஜனவரி 1லிருந்து பத்து வருஷத் தடை. யாங்சியின் முக்கிய ஆற்றோட்டம், பெரிய கிளையாறுகள், ஏரிகள் எல்லாவற்றுக்கும். இரண்டு லட்சத்துக்கும் அதிகமான மீனவர்கள் தொழிலை விட்டார்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படகுகள் கரை ஏறின. அந்தக் குடும்பங்கள் கொடுத்த விலை சின்னதில்லை, அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பலன் தெரிகிறது: 2017ல் 1,012 என்று கணக்கிட்ட பார்பாய்ஸ் 2022ல் 1,249 ஆனது. அதற்கு முன்பு எந்தக் கணக்கெடுப்பிலும் அது குறைந்துகொண்டேதான் வந்தது, கூடியது அதுவே முதல் முறை. மீன் திரும்பினால் மீன் தின்னும் விலங்கும் திரும்பும், இதற்கு ஆய்வகம் தேவைப்படவில்லை.

ஆனால் கொக்கியும் மின்சாரமும் போயிருக்கின்றன, கப்பல் போகவில்லை, அணைகளும் அங்கேயேதான் இருக்கின்றன. 1981ல் கெசோபா அணை ஆற்றின் குறுக்கே நின்ற நாளிலிருந்து மேலே போய் முட்டையிடும் மீன்களுக்கு வழி அடைபட்டது. சீனத் துடுப்புமீன் அழிந்ததற்கு அதுவும் பெரிய காரணம். அதனால் "தயாரா" என்றால் பாதி தயார் என்றுதான் சொல்வேன். இதே தடை 1990ல் வந்திருந்தால் நாம் இன்று பைஜியைக் கடந்த காலத்தில் பேசிக்கொண்டிருக்க மாட்டோம் என்பது என் உறுதியான எண்ணம்.

தாரகை:

குறுக்கே வருகிறேன். எல்லோரும் "முன்கூட்டியே பிடித்துக் காப்பிடத்தில் விட்டிருக்க வேண்டும்" என்கிறீர்கள். எல்லா இனத்துக்கும் அது பொருந்தாது. மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் வாகீடா என்ற சின்னப் பார்பாய்ஸ் இருக்கிறது. முப்பதுக்கும் கீழே குறைந்த பிறகு, 2017ல் பிடித்துப் பாதுகாக்கலாம் என்று இறங்கினார்கள். முதலில் பிடித்த குட்டி மிரண்டுபோனதால் திரும்ப விட்டார்கள். அடுத்துப் பிடித்த பெரிய பெண் வாகீடா அதிர்ச்சி தாங்காமல் அன்றைக்கே இறந்துவிட்டது. திட்டத்தை அத்தோடு நிறுத்தினார்கள். இப்போது பத்து அளவில்தான் மிச்சம். அங்கே தேவை ஒன்றுதான், வாகீடா மாட்டிச் சாகும் செவுள்வலையை எடுப்பது. அதைச் செய்யாமல் வேறு எதைச் செய்தாலும் பிரயோசனமில்லை.

மாறாக, யாங்சி ஸ்டர்ஜன் மீனைப் பாருங்கள். இயற்கையான வாழிடத்தில் அழிந்துவிட்டதாக 2022ல் அறிவித்தார்கள், ஆனால் வளர்ப்புத் தொட்டிகளில் உயிரோடு வைத்திருந்ததால் சிஷுய் என்ற கிளையாற்றில் சின்னச் சின்ன அணைகளை இடித்துவிட்டுத் திரும்ப விட முடிகிறது. எந்த இனத்துக்கு எது என்று அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும், அதற்கு எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் இருக்கும்போதே வேலையைத் தொடங்க வேண்டும். இந்தியாவில் 2025 மார்ச்சில் வெளியான கணக்கெடுப்பின்படி ஆற்று டால்பின்கள் 6,327. மூன்றைத் தவிர மீதி எல்லாம் கங்கை டால்பின். பைஜிக்குக் கிடைக்காத கால அவகாசம் இவற்றுக்கு இன்னும் இருக்கிறது. ஒரு அழிந்த டால்பினை உருவாக்கச் செலவாகும் கோடிகளை இங்கே வலை கண்காணிப்புக்கும், கோடைக்காலத்தில் ஆற்றில் போதுமான தண்ணீர் விடுவதற்கும் கொடுங்கள் என்பேன்.

நெய்தல்:

தாரகை சொல்வதை ஏற்கிறேன், ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அந்தப் பணத்தில் மிகச் சின்னப் பங்கை செல் சேமிப்புக்கு ஒதுக்க வேண்டும். கரை ஒதுங்கும் டால்பின் உடல் அழுகுவதற்கு முன்பு, முடிந்தால் அதே நாளில், தோலில் ஒரு சின்னத் துண்டு எடுத்துச் செல்களை வளர்த்து, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைத்தால் பல பத்தாண்டுகள் தாங்கும். அமெரிக்காவில் கருங்கால் பெரட் என்ற கீரி மாதிரியான விலங்கின் செல்லை 1988ல் உறையவைத்தார்கள், 2020 டிசம்பரில் அதிலிருந்து குளோன் குட்டி பிறந்தது. அந்தப் பெண் விலங்கின் மரபணுக்கள் இன்று வாழும் பெரட்டுகளில் இல்லாதவை, அதனால்தான் அதற்கு மதிப்பு. கவனியுங்கள், அங்கே இனம் உயிரோடு இருந்தது, சுமக்க நெருங்கிய உறவு இருந்தது, விடுவதற்கு இடமும் இருந்தது. கங்கை, சிந்து, அமேசான் டால்பின்களுக்கும் யாங்சிப் பார்பாய்ஸுக்கும் இதை இப்போதே செய்ய முடியும். உடல் ஒதுங்கியதும் தகவல் சொல்லக் கரையோர மீனவர்களுக்கு ஒரு தொலைபேசி எண், எடுத்துப்போக ஒரு குளிர்பெட்டி, இவ்வளவு இருந்தால் தொடங்கலாம்.